குப்பை எழுத்தாகத் தெரிந்த தேவாரம்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு வேர்ட் கோப்பை மீட்ட நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், கோயிலோடு சேர்ந்த தமிழ் வகுப்பை நடத்திவரும் ஓர் அக்காவின் வீட்டுக் கணினியில் 2023 கடைசியில் நடந்தது இது. தொலைந்தது ஒரே ஒரு வேர்ட் கோப்பு. சுமார் 180 பக்கம். 2024 ஜனவரித் தைப்பூசக் காவடிக்கு முன்னால் அச்சுக்குப் போக வேண்டிய தேவாரத் தொகுப்பு.

அந்தக் கோப்பு இரண்டு முறை தொலைந்தது. முதல் முறை, மின்சாரம் போனதால். இரண்டாம் முறை, மீண்டு வந்த கோப்பைப் பார்த்தவருக்கு அது தமிழ் என்று தெரியாததால். முதல் வகை இழப்புக்கு எங்கும் ஆலோசனை கிடைக்கும். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய எழுத்துருவில் தமிழ் தட்டச்சு செய்து வைத்திருக்கும் எல்லோருக்கும் அது நேரக்கூடியது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கோப்பில் இருந்தது என்ன

1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளில் தமிழ் மெல்ல மெல்ல வீட்டைவிட்டு நகர்ந்து கோயிலுக்குள் ஒதுங்கியது. இன்றைக்கு இங்கே நிறையப் பேர் பதிகங்களைப் பிழையில்லாமல் பாடுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பார்த்துத்தான் பாடுவார்கள். அதனால் அக்காவின் புத்தகம் இரண்டு பாதியாக இருந்தது. முன் பாதியில் பதிகங்கள் தமிழில். பின் பாதியில் அதே பதிகங்கள் ஆங்கில எழுத்தில், உச்சரிப்புக் குறிப்போடு.

பதிகங்களை மட்டும் வேறு எங்கிருந்தும் எடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே, இங்கே அதை எந்த மெட்டில் பாடுகிறார்கள், எந்த இடத்தில் இழுக்கிறார்கள், எந்தப் பூசையில் எதற்குப் பிறகு பாடுகிறார்கள் என்ற குறிப்பு இருந்தது. எண்பது தாண்டிய ஒரு தாத்தா தன் தகப்பனாரிடம் கற்றுக்கொண்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தவை அவை. அந்த நோட்டு 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஊறி, மை கலைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டது. அதற்கு முன்பே அக்கா தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்ததால் பெரும்பகுதி தப்பியது. மீதியைத் தாத்தா நினைவிலிருந்து சொல்லச் சொல்லச் சேர்த்தார். ஆகவே அந்த வேர்ட் கோப்புக்கு மூலம் என்று வேறு எதுவும் கிடையாது.

தமிழ்ப் பகுதி முழுவதும் பாமினி எழுத்துருவில். அக்கா வெகுகாலமாக அதில்தான் தட்டச்சு செய்கிறார், விரல் அதற்கே பழகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை

அந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. லோட்ஷெடிங் எத்தனை மணிக்கு என்பதைச் செயலியில் பார்த்துத்தான் உலை வைப்போம். அக்காவும் நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டது. கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திய கையோடு திரை இருண்டது. மேசைக் கணினி, மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ் இல்லை.

மின்சாரம் வந்ததும் வேர்ட் திறந்தது. இடப்பக்கம் ‘மீட்கப்பட்ட ஆவணம்’ என்று ஒரு பட்டி வந்திருக்கிறது. வேர்ட் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மீட்புப் படியை ஏஎஸ்டி என்ற வகைக் கோப்பாகத் தனியே எழுதிவைக்கும். அதைத்தான் காட்டியது. அக்கா அதைக் கவனிக்காமல், தன் பழைய கோப்பைத் திறக்கப் போய், அது திறக்க மறுத்ததும் எல்லாவற்றையும் மூடினார். மூடும்போது, இந்தப் படிகளைப் பிறகு பார்க்கிறீர்களா, நீக்கிவிடலாமா என்று வேர்ட் கேட்கும். தேவையான கோப்பைச் சேமித்துவிட்டேன், இவற்றை நீக்கு என்ற இரண்டாவது பதிலை அழுத்தினார். அவர் வரைக்கும் அது சரியான பதில்தான், சேமித்துத்தானே இருந்தார். அதோடு ஏஎஸ்டி படியும் போனது.

கோப்புறையில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் ஒட்டிய, அதே பெயருள்ள மறைகோப்பு ஒன்று இருந்தது. அதில் ஏதாவது இருக்கும் என்று அவர் நம்பினார். அது வெறும் 162 பைட். கோப்பை இப்போது யார் திறந்து வைத்திருக்கிறார் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காக வேர்ட் போட்டுவைக்கும் அடையாளச் சீட்டு, அவ்வளவுதான். உள்ளே ஒரு வரி உரைகூட இருக்காது. இதை நம்பி நேரத்தை விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவு சரி, உள்ளே பூஜ்யம்

கோப்பின் அளவு பார்க்க நன்றாகவே இருந்தது, ஒரு எம்பிக்கு மேல். அதனால் கோப்பு பழுதாகியிருக்கிறது, பழுதுபார்க்கலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வேர்டில் ‘திறந்து பழுதுபார்’ என்ற வசதி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பழுதுபார்த்துத் தருகிறோம் என்கிற தளங்களும் இருக்கின்றன.

அதற்கெல்லாம் போகும் முன் ஒன்றைச் செய்ய வேண்டும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் பார்வையில் திறந்து முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். 2007க்குப் பிறகு வந்த வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. நல்ல டாக்எக்ஸ் எதுவானாலும் ‘பி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். ஜிப் வடிவத்தை 1989இல் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள் அவை. அக்காவின் கோப்பில் பி-யும் இல்லை, கே-யும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

இது மின்வெட்டின் கைவேலை. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு, கோப்பின் பெயர், அளவு, வட்டில் எங்கே இடம் ஒதுக்கப்பட்டது போன்ற விவரங்களை ஒரு நாட்குறிப்பில் எழுதிப் பாதுகாக்கும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உள்ளடக்கம் சற்று நேரம் நினைவகத்தில் காத்திருந்து அப்புறம்தான் வட்டில் இறங்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், பெயரும் அளவும் சரியாக இருக்கும், ஒதுக்கிய இடத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. பூஜ்யத்தை எந்த மென்பொருளும் பழுதுபார்க்க முடியாது. அந்தக் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை என்று அக்காவிடம் நேராகவே சொன்னேன்.

நம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. வேர்ட் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிய உள்ளடக்கத்தை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். பிறகு பழைய கோப்புக்கு அலைக்குறியோடு டபிள்யூஆர்எல் என்று தொடங்கும் தற்காலிகப் பெயர் வைக்கும். புதியதற்கு உண்மையான பெயரைக் கொடுக்கும். கடைசியாகப் பழையதை அழிக்கும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடும். அப்படியென்றால் அக்கா கடைசியாகச் சேமித்ததற்கு முந்தைய படி, முழுசாக, அழிக்கப்பட்ட நிலையில் வட்டில் எங்கோ கிடக்க வேண்டும். அழிப்பது என்றால் ‘இந்த இடம் காலி’ என்று குறிப்பது மட்டும்தான், வேறு ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை எழுத்து அப்படியே இருக்கும்.

இங்கே ஒன்று. அக்காவுடையது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டு இல்லாமல் மின்னணுச் சில்லில் எழுதும் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. அழித்த இடத்தை விண்டோஸ் டிரிம் கட்டளையால் எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடும், அது சீக்கிரமே துடைத்துவிடும். மீட்பு வேலை என்று யாராவது அழைத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தங்கை மகன் செய்தது

நான் போய்ச் சேர்வதற்கு முன் அக்காவின் தங்கை மகன் முயன்று பார்த்திருந்தான். கெட்டிக்காரப் பையன், பெரியம்மா மேல் உயிர். ஒரு மீட்பு மென்பொருளை இறக்கி அதே கணினியில் நிறுவி ஓட்டினான். கிடைத்ததைப் பென் டிரைவில் போட்டுத் தன் மடிக்கணினிக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தான். சரியில்லை என்று அழித்துவிட்டு, இன்னொரு மென்பொருள், அதற்கப்புறம் இன்னொன்று.

மீட்கப்போகும் வட்டிலேயே ஒன்றை நிறுவுவது ஆபத்து. நிறுவலும் பதிவிறக்கமும் எழுதுகின்ற ஒவ்வொரு எம்பியும், தேடுகிற கோப்பின் மேலேயே உட்காரலாம். கணினியை அணைக்காமல் உலாவியைத் திறந்து ‘எப்படி மீட்பது’ என்று தேடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. தெரிந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேறு கணினியில் தேடுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது.

வட்டைக் கழற்றி எடுத்துவந்து லினக்ஸ் மடிக்கணினியோடு இணைத்து, டிடிரெஸ்கியூ என்ற நிரலைக் கொண்டு இன்னொரு வட்டுக்கு முழுப் படி எடுத்தேன். மீட்பு வேலை எல்லாம் படியில்தான், மூலத்தைத் தொடுவதில்லை. மேசைக் கணினியின் பெரிய வட்டுக்குத் தனியாக 12 வோல்ட் மின்சாரம் வேண்டும், யூஎஸ்பி போதாது. அதனால் படி எடுக்கும்போதும் லோட்ஷெடிங் குறுக்கே வந்தது. டிடிரெஸ்கியூ எதுவரை படித்தோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நம் ஊரின் அப்போதைய நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது.

படியில் அழிந்த கோப்புகளின் பட்டியலை எடுத்தபோது டபிள்யூஆர்எல் பெயர் இருந்தது. தேதியும் நேரமும் அந்த மாலைக்குச் சரியாகப் பொருந்தின. ஆனால் அது இருந்த இடத்தின் பிற்பகுதியில் அந்த மூன்றாவது மென்பொருள் வந்து உட்கார்ந்திருந்தது. ஜிப் பொட்டலத்தின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில்தான் இருக்கும், அது போனால் வேர்ட் திறக்காது. ஆனாலும் பொட்டலத்துக்குள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால், உரை இருக்கும் உள்கோப்பை முன்னாலிருந்து விரிக்கத் தொடங்கி, பழுதான இடம் வரைக்கும் எழுத்தை எடுக்கலாம். அப்படிப் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

ஜே, பி, பெரிய யூ

பையனிடம் பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

“முதல்ல வந்த ஃபைல் திறந்துச்சு அண்ணா. ஆனா உள்ள எல்லாம் குப்பை. தமிழே இல்ல, சும்மா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும். கரப்ட் ஆயிருச்சுன்னு அழிச்சுட்டேன்.”

“அதைப் படம் ஏதாவது எடுத்தியா தம்பி?”

எடுத்திருந்தான். குடும்ப வாட்ஸப் குழுவில், பெரியம்மாவிடம் வருத்தம் தெரிவித்து அந்தத் திரையின் படத்தைப் போட்டிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரி நடுவில் நின்றது: ஜே, பி, பெரிய யூ, ஆர், அரைப்புள்ளி, ஆர், பி, டபிள்யூ, அரைப்புள்ளி, டபிள்யூ, கே, அரைப்புள்ளி, ஜி, ஒய், கே, அரைப்புள்ளி.

பாமினி விசைப்பலகையில் ஜே என்றால் த. பி என்றால் இகரக் குறி. பெரிய யூ என்றால் ரு. அரைப்புள்ளி என்றால் மெய்யின் புள்ளி. தி, ரு, ச், சி, ற், ற, ம், ப, ல, ம். திருச்சிற்றம்பலம். ஒவ்வொரு பதிகத்தையும் எதைச் சொல்லித் தொடங்குவோமோ அதே சொல்தான் அவன் திரையில் குப்பையாகத் தெரிந்தது.

கோப்பில் ஒரு குறையும் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை. கணினிக்குத் தெரிந்தது ஜேயும் கேயும்தான், தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அக்காவின் கணினியில் பாமினி இருந்தது, பையனின் மடிக்கணினியில் இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக வேர்ட் வேறொன்றைப் போட்டுக் காட்டியது. முன் பாதி முழுவதும் தமிழ் என்பதால் அவன் புரட்டிய பக்கமெல்லாம் இப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் ஆங்கில எழுத்துப் பகுதி கண்ணில் பட்டிருக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுக்காத தலைமுறையில் பிறந்த பிள்ளை, பாமினி என்ற பெயரைக்கூட அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சம்பளத்துக்கு மீட்புவேலை செய்பவர்களும் இதே இடத்தில்தான் தவறுவார்கள். தமிழ்க் கோப்பை மீட்கக் கொடுக்கும்போது, எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

“அந்தப் பென் டிரைவ் இப்ப எங்க?”

கார் ஸ்டீரியோவில் செருகியிருந்தான். பழைய பாட்டுகள் அதில் ஏற்கெனவே இருந்தன. அழித்த பிறகு புதிதாக எதையும் ஏற்றவில்லை. பென் டிரைவில் அழித்தது விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். அது கேட்கப் பயமாக இருந்தாலும், எழுத்து இருந்த இடம் தொடப்படாமல் இருந்தால் நிலைமை மோசமில்லை. அதையும் முழுப் படி எடுத்து, படியின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டினேன். இது பெயரைப் பார்க்காமல் கோப்பு வகைகளின் தொடக்க அடையாளங்களை வைத்து வட்டைச் சல்லடை போடும். அதனால் கிடைக்கும் கோப்புக்குப் பழைய பெயர் இருக்காது, வெறும் எண்தான். பாட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு டாக்எக்ஸ். பாமினி போட்ட கணினியில் திறந்தேன். முதல் வரி திருச்சிற்றம்பலம். கடைசிப் பக்கம் வரை இருந்தது.

மின்சாரம் போவதற்கு முந்தைய சேமிப்பின் படி அது. கடைசிப் பதிகத்தின் குறிப்பில் சில வரிகள்தான் குறைந்தன. தாத்தா அதைப் பாடிக் காட்டினார், அக்கா உடனே எழுதிக்கொண்டார். போன தடவை சொன்னதில் ஓர் இழுப்பு தப்பு என்று அவரே திருத்தமும் சொன்னார்.

யூனிகோடுக்கு மாற்றியது

மீட்டதை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அடுத்த பையனின் மடிக்கணினியிலும் இது குப்பையாகத்தான் தெரியும் என்பதால், தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம்.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் நிறைய உண்டு. ஆனால் கோப்பு முழுவதையும் ஒன்றில் ஒட்டினால், பின் பாதியில் இருக்கும் உண்மையான ஆங்கில எழுத்தும் தமிழாக மாறி உருத்தெரியாமல் போய்விடும். டாக்எக்ஸ் உள்ளே ஒவ்வொரு உரைத் துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். சில பத்திகளில் எழுத்துரு துண்டில் இல்லாமல் பத்தியின் பாணியிலிருந்து வந்தது, அவற்றுக்குத் தனி விதி தேவைப்பட்டது.

மாற்றிய பிறகு அக்கா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். வரியின் முதல் எழுத்தில் பிழைகள் வந்தன. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வேர்டின் தானியங்கித் திருத்தம் சில இடங்களில் புகுந்திருந்தது. பாமினியில் சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. ‘மா’ என்று தொடங்க வேண்டிய வரி ‘முா’ என்று நின்றது. பாட்டைத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் இது அகப்படும், நிரலுக்கு அகப்படாது. பாமினியில் இன்னும் எழுதுகிறவர்கள் அந்தத் திருத்தத்தை அணைத்துவிடுவது நல்லது.

கணினியில் செய்த மாற்றங்கள் சில. மீட்புப் படி இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. வேர்டின் மேம்பட்ட அமைப்பில் ‘எப்போதும் காப்புப்படி உருவாக்கு’ என்பதைப் போட்டுவிட்டேன். அதனால் ஒவ்வொரு சேமிப்பிலும் முந்தைய படி டபிள்யூபிகே என்ற கோப்பாகப் பக்கத்திலேயே நிற்கும், அழியாது. பல காலமாக இருக்கும் வசதி, யாரும் தொடுவதில்லை. ஒரு சிறு யூபிஎஸ் வாங்கினார்கள். வேலை முடிந்ததும் ஒரு படி தங்கை மகனுக்கு மின்னஞ்சலில் போகிறது, இனி அதைத் திறந்து பார்ப்பது அவன் பொறுப்பு.

புத்தகம் யூனிகோடில், எழுத்துரு பதித்த பிடிஎஃப்பாக அச்சகத்துக்குப் போய், காவடிக்கு முன் வந்துவிட்டது. பாமினி மூலத்தையும் நாங்கள் தூக்கி எறியவில்லை, மாற்றத்தில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

அக்காவிடம் பழைய சிடிக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வகுப்புப் பாடங்கள், கோயில் மலர்க் கட்டுரைகள், எல்லாம் பாமினியில், 2007க்கு முந்தைய டாக் வடிவத்தில். சில சிடிக்கள் பாதி படிக்கின்றன, பாதி படிக்கவில்லை. அந்தப் பழைய டாக் வடிவம் இந்த வேலைக்கு ஒத்துழைக்கிறது. அது ஜிப் போலச் சுருக்கப்படாதது. பாமினியின் எழுத்துகள் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டாக அப்படியே உள்ளே கிடக்கின்றன. நடுவில் ஒரு துண்டு போனாலும் மீதியை வேர்டின் ‘எந்தக் கோப்பிலிருந்தும் உரையை எடு’ வசதியிலேயே எடுக்க முடிகிறது. எழுத்துருப் பெயர் மட்டும் போய்விடுகிறது, எது தமிழ், எது ஆங்கிலம் என்று கண்ணால் பிரிக்க வேண்டும். அந்த வேலையைத் தங்கை மகன் ஏற்றுக்கொண்டான். விசைப்பலகை வரைபடத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்தால் அது ‘தமிழ்’ என்று இப்போது அவனே சொல்கிறான்.